சுரங்க ரயில் மேலே போகிறது

ஈஸ்ட்ஹாம், லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பேத்தியின் இங்கிலீஷ் பாடத்தில் 'ஆக்ஸிமோரன்' என்று ஓர் அணி வருகிறதாம், அது என்னடா என்று கேட்டிருந்தீர்கள். தமிழ் வாத்தியாரான உங்களுக்கே அணி சொல்லித்தர நேர்ந்தது என் தலையெழுத்து; பயந்துகொண்டே எழுதுகிறேன்.

நம் முரண் தொடையில் இருளும் ஒளியும் எதிரெதிரே நிற்கும். இங்கிலீஷ்காரர்களோ சண்டைக்காரர்கள் இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். 'ஓப்பன் சீக்ரெட்' என்றால் ஊரறிந்த ரகசியம். வாக்கியம் முழுக்க நீட்டி முரண்பட்டால் அது பாரடாக்ஸ், வேறு கணக்கு.

புத்தகத்தில் ஷேக்ஸ்பியரைத்தான் காட்டுவார்கள். ரோமியோ முதல் காட்சியிலேயே, காதல் முற்றி, இதை வண்டி வண்டியாகக் கொட்டுகிறான். என்னைக் கேட்டால் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் அவனைவிடக் கெட்டிக்காரர். நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த வத்தக்குழம்பை வாசலிலேயே நின்று ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர். "டெரிபிளி நைஸ்" என்றார். முதல் சொல் காதில் விழுந்ததுமே உங்கள் மருமகள் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டிவிட்டாள். அம்மாள் விட்டால்தானே!

'டெரிபிளி', 'ஆஃபுலி', 'ப்ரிட்டி' எல்லாம் தேய்ந்துபோய் வெறும் 'ரொம்ப' ஆகிவிட்டன. நம் பிள்ளைகள் 'பயங்கர அழகு' என்றால் நீங்கள் திட்டுவீர்களே, அதே சமாச்சாரம்தான்.

ஆனால் இவர்களுடைய அசல் ஆக்ஸிமோரன்கள் கவிதையில் இல்லை, சர்க்காரில் இருக்கின்றன. எதிர்க்கட்சிக்குப் பெயர் 'மன்னரின் விசுவாசமான எதிர்க்கட்சி'. 1826-இல் ஜான் ஹாப்ஹவுஸ் என்ற எம்.பி. சபையில் 'மன்னரின் எதிர்க்கட்சி' என்று கிண்டலாகச் சொன்னது, நிலைத்துவிட்டது. 1937-இல் சட்டமே போட்டு, எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கச் சம்பளமும் கொடுத்துவிட்டார்கள். காலை முதல் மாலை வரை அரசாங்கத்தைத் திட்ட அரசாங்கமே கொடுக்கும் கூலி! இதில் எனக்குச் சிரிப்பைவிட மரியாதைதான் அதிகம்.

'பப்ளிக் ஸ்கூல்' கதை வேறு. 'பொதுப் பள்ளி' என்ற பெயரை நம்பி உள்ளே போனால் சொத்தை எழுதி வாங்கிவிடுவார்கள். அப்படி ஒன்றான ஈட்டன் பள்ளியை 1440-இல் ஆறாம் ஹென்றி, 70 ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கத் தொடங்கினார். இன்று கட்டணம் வருஷத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல். ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், சித்தி மயங்கி விழுவார்.

நான் தினமும் ஏறும் ரயிலுக்குப் பெயர் 'அண்டர்கிரவுண்ட்'. அதன் தடத்தில் பாதிக்கு மேல் தரைக்கு மேலேதான் ஓடுகிறது. ஈஸ்ட்ஹாமில் மழையில் நனைந்துகொண்டுதான் சுரங்க ரயிலுக்குக் காத்திருக்கிறோம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். ஆபீஸில் 'வொர்க்கிங் ஹாலிடே' கொடுத்திருக்கிறார்கள். அதாவது லேப்டாப்போடு வருகிறேன். சித்தியிடம் சொல்லி மாடி அறையில் வைஃபை மட்டும் சரிபார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்