1972 இருக்கிறதா?

ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் டோகாய் வட்டாரத்துக்கு ஒயின் குடிக்க வருகிறவர்கள் நிறையப் பேர். இவர் ஆண்டு விசாரிக்க வருகிறவர். மாட் கிராமத்து நிலவறை வாசலில் காரை விட்டு இறங்கியதும், வணக்கத்துக்குக்கூடக் காத்திராமல் "1972 இருக்கிறதா?" என்பார். காணாமல் போன தாய்மாமனைத் தேடி வந்தவர் போல இருக்கும் குரல்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். லண்டனிலிருந்தும் வருவார், வார்சாவிலிருந்தும் வருவார், புடாபெஸ்ட்டிலிருந்தும் வருவார். எங்கிருந்து வந்தாலும் ஆள் ஒன்றுதான். கொளுத்தும் வெயிலிலும் தோளில் ஒரு ஸ்வெட்டர். நிலவறைக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரிய வேண்டாமா?

உள்ளே போனதும் பாடம் ஆரம்பம். சுவரெங்கும் கறுப்பாகப் படர்ந்த பூஞ்சையைத் தடவிக் காட்டி, பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஒயினைத் தின்றே இது உயிர் வாழ்கிறது என்று, அதே நிலவறையில் ஓடியாடி வளர்ந்த பெண்ணுக்கு விளக்குவார். அவளும் வியப்பாள். சம்பளம் வாங்குகிறாளே. போத்ரோக் ஆறும் டிஸா ஆறும் கூடும் இடம், இலையுதிர் காலத்துக் காலைப் பனி, அந்த ஈரத்தில் திராட்சையைப் பிடிக்கும் இன்னொரு பூஞ்சை, பழம் சுருங்கித் தித்திப்பு ஏறுவது, அதை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவது, எதையும் விடமாட்டார். சுருங்கிய பழத்தை 25 கிலோ பிடிக்கும் கூடையில் அளந்து, 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை போட்டார்களோ அதையே 'புட்டோன்யோஷ்' கணக்காக லேபிளில் போட்டது பழைய வழக்கம். "மூன்றையும் நாலையும் 2013இல் எடுத்துவிட்டார்களே!" என்று பெருமூச்சு விடுவார். அந்த மூன்றை அவர் ஒருநாளும் காசு கொடுத்து வாங்கியதில்லை.

முதலில் ஊற்றுவது 2017. "குழந்தை" என்று ஒதுக்குவார், கிளாஸைக் காலி செய்த பிறகு. அடுத்து 1999. இதற்குத்தான் மரியாதை. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், சாய்ப்பார், சுழற்றுவார். மூக்கு உள்ளே போகும், வெளியே வர வெகுநேரமாகும். உலர்ந்த ஆப்ரிகாட் என்பார். ஆரஞ்சுத் தோல் என்பார். தேன், தேயிலை, கடைசியாகப் 'பழைய நூலகம்' என்பார். நூலகத்தை யாரும் குடித்துப் பார்த்ததில்லை, ஆகவே மறுக்க ஆளில்லை. என்னைக் கேட்டால் இந்த ஒயினின் உயிர் புளிப்பில் இருக்கிறது. ஃபுர்மிண்ட் திராட்சையின் அந்தச் சுள்ளென்ற புளிப்பு மட்டும் இல்லையென்றால் இது வெறும் சர்க்கரைப் பாகு. அதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. புளிப்பில் என்ன பெருமை பேச முடியும்?

துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அதன்மேல் அவர் தொப்பியை வைத்திருப்பார்.

எஸென்சியாவுக்குக் கிளாஸ் கிடையாது, கண்ணாடி ஸ்பூன்தான். சுருங்கிய பழம் தன் பாரத்திலேயே கசியவிடும் சாறு அது. லிட்டருக்கு 450 கிராமாவது சர்க்கரை இருக்க வேண்டும் என்பது சட்டம். நொதிக்கவே ஆண்டுக்கணக்காகும். ஒரு ஸ்பூன் இலவசம். கண்ணை மூடி விழுங்கிவிட்டு, "ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று" என்பார். எதோடு எதை ஒப்பிட? அதையே அதோடுதான்.

ரஷ்ய அரசவை 1733இல் டோகாயில் ஒயின் கொள்முதலுக்கென்றே ஒரு குழுவை உட்கார்த்தி வைத்து, 1798 வரை நடத்தியது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் இத்தனை நிதானமாகக் கொள்முதல் செய்பவர் இவர்தான்.

இடையில் அரசியலும் உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சியில் எல்லாத் தோட்டத்து ஒயினையும் அரசாங்கப் பண்ணையில் ஒன்றாகக் கொட்டிக் கலந்து டோகாயின் மானத்தையே வாங்கிவிட்டார்கள் என்பார். 1990க்குப் பிறகு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் முதல் போட்டிருக்காவிட்டால் இந்த ஊர் என்னவாகியிருக்கும் என்று மேஜையைத் தட்டுவார். அப்போதுதான் அந்தப் பெண் உள்ளேயிருந்து 1972ஐ எடுத்து வருவாள். சாட்சாத் அதே அரசாங்கப் பண்ணையின் அரை லிட்டர் பாட்டில். எழுந்து நின்றுவிடுவார்.

பக்தி ஒருபுறம் இருக்க, பேரம் நடக்க வேண்டுமே. "தக்கை மாற்றினீர்களா?"

"மாற்றியாயிற்று."

"அப்படியானால் பழைய அசல் தன்மை போயிருக்குமே!"

பக்கத்து நிலவறையில் மாற்றவில்லை என்றார்கள். "ஐயையோ, இத்தனை வருஷம் கசியாமலா இருக்கும்?" என்று அங்கேயும் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். இரண்டு இடத்திலும் குறைக்கவில்லை. கடைசியில் முதல் இடத்துக்கே திரும்பி வந்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார். காரில் காத்திருந்த மனைவியிடம் சொன்ன விலை அதில் பாதி. அந்த அம்மாள் அதை இரண்டால் பெருக்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து பழகிய கணக்கு.

இனி அந்தப் பாட்டிலை அவர் திறக்கப்போவதில்லை. மகளின் திருமணத்துக்கு என்பார், பேரன் பிறந்தால் என்பார். இரண்டும் நடந்து முடிந்த பிறகு "இன்னும் பத்து வருஷம் போகட்டும், நன்றாக வரும்" என்பார். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து காப்பதால் ஒயின் காத்திருக்கும்தான். டாக்டர் அவருக்குச் சர்க்கரை கூடாது என்று சொல்லியிருப்பதால் அவருக்கும் அவசரமில்லை.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அலமாரியைத் திறந்து 1972ஐக் காட்டுவார், தொடவிடமாட்டார். ஊற்றுவதென்னவோ சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடியில் வாங்கியது. அவர்கள் குடிக்கக் குடிக்க, ஆப்ரிகாட்டில் தொடங்கிப் பழைய நூலகம்வரை இவர் சொல்லிக்கொண்டே போவார். வாசலில் விடைபெறும்போது "1972 என்றால் 1972தான், என்ன ருசி!" என்று கையைக் குலுக்குவார்கள். அவரும் மறுப்பதில்லை.