முள்ளுக்குறிச்சித் திண்ணைக் கூன்வண்டு: இனங்காணல் குறித்து ஓர் ஆய்வு

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில், மழை விட்ட ஒரு காலையில், வடக்குப் பார்த்த திண்ணை ஒன்றில் வண்டு கண்டெடுக்கப்பட்டது. நிறம் சாம்பல். நீளம் ஒரு நெல்மணிக்கும் குறைவு. இது என்ன வண்டு என்பதே இக்கட்டுரையின் வினா. இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியோடு விடைபெறலாம்.

முதலில் குடும்பம். முகத்தில் மூக்குப் போல நீண்டிருப்பது மூக்கல்ல. அதன் நுனியில் வாய் இருக்கிறது. உணர்கொம்புகள் அதிலிருந்தே கிளம்பி, நடுவில் முழங்கைபோல் மடிகின்றன. எனவே கூன்வண்டு. இதுவரை அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அறிஞர்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பது காரணம்.

வந்தார்கள். மலைமேல் வாழை வைத்திருப்பவர் எட்ட நின்றே, "தண்டுல பூந்து பிசின் வடிய வெக்கிறது இதுதானுங்க" என்றார். அது கருப்பு, இதைவிடப் பெரியது என்றதற்கு, "இது குட்டிங்க" என்றார். வண்டில் குட்டி கிடையாது; கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்தபின் அது வளர்வதே இல்லை. மாந்தோப்புக்காரர் மாங்கொட்டை வண்டு என்று சாதித்தார். பழத்தோலில் ஓட்டையே இல்லாமல் கொட்டைக்குள் எப்படிப் போனது என்று ஊரே வியக்கும் வண்டு அது. காய் இளசாக இருக்கும்போதே தோலில் முட்டை வைக்கப்படுகிறது. புழு குடைந்து உள்ளே போனதும் காயம் ஆறிவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் கொள்கை எதையும் முன்வைக்கவில்லை. அரிசி வண்டு இல்லை என்று மட்டும், யாரும் கேட்காமலே, சொன்னார். சொன்னது சரிதான். 1763-லேயே லின்னேயஸ் பெயர் சூட்டிவிட்ட அரிசி வண்டுக்கு முதுகில் மங்கலாக நான்கு புள்ளிகள் உண்டு, இதற்கு இல்லை.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவர், "இது பாலைவன வண்டு, என் பெட்டியில ஏறி வந்திருக்கும்" என்றார். திண்ணையில் இதற்கே ஆதரவு அதிகம். வரலாறோ நேர்மாறு. நம் தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டுதான் 1980-களின் நடுவில் வளைகுடாவுக்குப் போய் அங்கே பேரீச்சையில் குடியேறியது. நம்மவர்களும் கூட்டம் கூட்டமாகப் போன காலம் அது. வண்டுக்கு ஏஜென்ட் யார் என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆக, அவரவர் வைத்திருப்பதைத் தின்னும் வண்டே அவரவர் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒரு விதி வகுக்கலாம். இவ்வளவு விவாதத்துக்கும் இடையே ஆய்வுப்பொருள் செத்துக் கிடந்தது. உண்மையில் சாகவில்லை. தொட்டால் ஆறு காலையும் மடக்கிக்கொண்டு பிணமாவதும், ஆளரவம் அடங்கியதும் ஒவ்வொரு காலாக நீட்டிப் பார்ப்பதும் இந்த இனத்தின் வழக்கம்.

கடைசியில் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "சாம்பல் வண்டு. கொல்லையில கத்திரி இலையெல்லாம் ஓரம் ஓரமாக் கடிச்சு வெச்சிருக்குது பாருங்க. புழுவா இருக்கறப்ப வேரைத் தின்னும்" என்றார். கத்திரி வைத்திருப்பவர் கத்திரி வண்டு என்கிறார். விதிப்படி இதையும் நம்பக்கூடாது. எனவே சோதனை. வண்டின் முன் வாழை மட்டை, மாங்கொட்டை, அரிசி, கத்திரி இலை நான்கும் வைக்கப்பட்டன. வெகுநேரம் பிணமாக இருந்துவிட்டு எழுந்து, கத்திரி இலையின் விளிம்பில் ஏறி அரைவட்டமாகக் கடித்தது.

"மாங்கொட்டைய வெச்சீங்க, மாவிலைய வெச்சீங்களா?" என்றார் மாந்தோப்புக்காரர். சாம்பல் வண்டு மாவிலையையும் விடாது என்பதால் இம்மறுப்பைத் தள்ள முடியவில்லை. இலை பறிக்க ஆள் போயிருக்கிறது.