அட்டெஸ்டேஷன்: சொல்லும் பொருளும் பச்சை மையும்

'அட்டெஸ்டேஷன்' என்னும் சொல்லைப் பற்றி இதுவரை முறையான ஆய்வு எதுவும் வரவில்லை என்று தொடங்குவது மரபு. வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மரபன்று. ஆகவே வரவில்லை.

முதலில் பாடபேதங்கள். சான்றிதழும் கையுமாக அலைகிறவர்கள் நாவில் இது அட்டெஸ்டேஷன், அட்டஸ்டேசன், டெஸ்டேசன் என்று பலவாறு வழங்குகிறது. அரசுப் படிவத்தில் மட்டும் சான்றொப்பம். 'சான்றொப்பம் எங்கே கிடைக்கும்?' என்று கேட்டு எவரும் வழி தெரிந்துகொண்டதில்லை. 'பச்சை மைக் கையெழுத்து' என்றால் டீக்கடையே கை காட்டும் (ஜெராக்ஸ் கடைக்காரர், வாய்மொழி).

அடுத்து சொற்பிறப்பு. அட்டுதல் என்றால் வார்த்தல். நிலத்தைத் தானம் செய்தவர்கள் நீரட்டிக் கொடுத்ததைக் கல்வெட்டுகள் பேசும். நீரை அட்டினால் தானம், மையை அட்டினால் அட்டெஸ்டேஷன். மூடி கழன்ற மைப்பேனாவைச் சட்டைப் பையில் வைத்திருந்த எந்த அதிகாரியும் இதை மறுக்கமாட்டார். உலகத்துச் சொற்களையெல்லாம் இரண்டாக ஒடித்துத் தமிழாக்கிவிடும் அறிஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இம்முடிபை எடுத்துக்கொண்டு அடுத்த மாநாட்டில் தங்கள் பெயரிலேயே வாசிக்கலாம், ஆட்சேபம் இல்லை.

லத்தீன் தரப்பு வேறு கதை சொல்கிறது. சாட்சியைக் குறிக்கும் 'டெஸ்டிஸ்' தான் மூலமாம். 'மூன்றாமவராக நிற்பவர்' என்பது அதன் அடிப்பொருள் என்று மொழிநூலார் கருதுகிறார்கள். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், பக்கத்தில் சும்மா நிற்பவர் ஒருவர். இந்தச் சும்மா நிற்பவர்தான் நம் ஆய்வின் நாயகர். தமிழ் இலக்கணத்தில் அவர் படர்க்கை. நானும் நீயும் கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தம். அவன் போட்டால்தான் அட்டெஸ்டேஷன்.

அவர் நம் கல்வெட்டுகளிலும் நிற்கிறார். எழுதத் தெரியாதவர் இடும் அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர். எழுதத் தெரிந்த இன்னொருவர், இது இன்னார் இட்ட குறிதான் என்று உறுதிசெய்து தன் எழுத்தையும் சேர்ப்பார். அதற்குத் தற்குறி மாட்டெறிதல் என்று பெயர். காலப்போக்கில் தற்குறி வசவாகிவிட்டது, மாட்டெறிந்தவர் கெஜட்டட் ஆபீசராகிவிட்டார். உரையாசிரியர்களும் மாட்டெறிவார்கள் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. பாட்டின் தலையில் கிடக்கும் சொல்லைத் தூக்கி வாலில் கிடக்கும் சொல்லோடு பூட்டுவது மாட்டு. முல்லைப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எறிந்த மாட்டைப் பொறுக்காமல் மறைமலையடிகள் புதிதாக ஓர் ஆராய்ச்சியுரையே எழுதினார். இந்த மாட்டும் அந்த மாட்டும் ஒன்றா வேறா என்பது முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி. விடையை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டால் பட்டம் தரமாட்டார்கள்.

இனி வகைகள். மேலொப்பம் என்பது மேலே இருப்பவர் கீழே போடுவது. 'ஒம்/-' என்பது வேறெங்கோ கையெழுத்து இருக்கிறது என்று சொல்லும் குறி. கையெழுத்து இல்லாத தாளில் மட்டுமே காணப்படும். நன்னடத்தைச் சான்றிதழில், இவரை மூன்று ஆண்டுகளாக அறிவேன், இவர் என் உறவினர் அல்லர் என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். இரண்டாவது பாதி உண்மை.

புகைப்படச் சான்றொப்பம்தான் விரித்துரைக்கத் தக்கது. விதி எளிது. கையெழுத்தில் பாதி படத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும். படத்தைப் பிய்த்துவிட்டு வேறு முகத்தை ஒட்டினால் தாளில் கிடக்கும் மிச்சக் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எந்த உறுப்பின் வழியாகத் தாளுக்கு இறங்குவது என்பதை விதி சொல்லாமல் விட்டது, கட்சிகள் பிறந்தன. தோள் கட்சியார் சாதுக்கள். சட்டைக் காலரைத் தாண்டமாட்டார்கள் (ஜெராக்ஸ் கடைக்காரர், வாய்மொழி, லேமினேஷன் செய்தபடி). தாடைக் கட்சியார் கன்னத்தில் புகுந்து மீசையில்லாதவர்க்கு மீசை அருளுவர். பெண் விண்ணப்பதாரர்களுக்கும் விலக்கு இல்லை. நெற்றிக் கட்சியார் தீவிரர். புருவத்தில் தொடங்கும் பச்சைக் கோடு மூக்கு வழியே இறங்கிக் காதைச் சுற்றிக்கொண்டு தாளுக்கு வரும். அதன் மேல் ரப்பர் ஸ்டாம்பின் ஊதா வட்டம் விழுந்து வாயை அடைக்கும். இது இன்னார் முகம்தான் என்று உறுதியான அந்த நிமிடத்திலிருந்து அது யார் முகம் என்று யாருக்கும் தெரியாது. 'அடையாளம் தெரியாமல் போவதே அடையாளம் உறுதியானதற்கு அடையாளம்' என்னும் கோட்பாடு இங்கேதான் பொருந்துகிறது (மேற்படி கடை, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய பழைய ஹால் டிக்கெட், பின்பக்கம், பாக்கிக் கணக்குக்கும் பஜ்ஜி எண்ணெய்க் கறைக்கும் இடைப்பட்ட நான்காம் வரி, எலி கடித்தது போக எஞ்சிய பாடம்). எண்ணெயும் மூலபாடத்தைச் சேர்ந்ததே என்பார் ஒரு சாரார். அவர்கள் பதிப்பில் அந்தப் பக்கம் வழுக்கும்.

மை ஏன் பச்சை? பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறையின் முதல் தலைவர் மான்ஸ்ஃபீல்ட் கம்மிங் பச்சை மையில் 'சி' என்று ஓரெழுத்துக் கையொப்பம் இடுவார். பின்வந்த தலைவர்களும் அப்படியே. முகம் தெரியாத ஆட்களுக்காகப் போடும் கையெழுத்து பச்சையில் இருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இத்தனை சீராக வளர்ந்த சொல்லுக்கு 2009இல் கேடு வந்தது. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் தன் 12ஆம் அறிக்கையில், குடிமக்கள் தாங்களே சான்றளித்துக்கொள்ளட்டும் என்று பரிந்துரைத்தது. 2014இல் மத்திய அரசு அதைத் தீவிரமாகப் பரப்பவும், 'செல்ஃப் அட்டெஸ்டட்' பிறந்தது. இலக்கணப்படி இது பெருங்குழப்பம். தன்மை எழுந்து போய்ப் படர்க்கையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. மூன்றாமவராக நிற்க வேண்டியவர் முதலாமவராகவும் இருந்து, தன் தற்குறியைத் தானே மாட்டெறிகிறார். தலைமையாசிரியர் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கே கால்கடுக்க நின்றவர்கள் இதை வளர்ச்சி என்பார்கள். அவர்களுக்கு இலக்கணக் கவலை இல்லை.

இந்தச் சிக்கலைக் களத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கவுண்டரில் கேட்டுப் பார்த்தேன்.

"இதுல யார் சார் அட்டெஸ்ட் பண்ணணும்?"

"நீங்கதான். செல்ஃப்."

"அப்போ பச்சை மையில போட்டுடட்டுமா?"

அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பச்சையா? நீங்க என்ன கெஜட்டட் ஆபீசரா? நீலத்துல போடுங்க."

போட்டு நீட்டினேன். என் கையெழுத்தை அவர் பார்க்கவில்லை.

"ஒரிஜினல் எங்க?"