பத்து விழுக்காடுதானே!

மத்திய சுரங்க அமைச்சகத்தின் கணக்கறிவை முதலில் பாராட்டிவிடுவோம். மதுரை மாவட்டம் மேலூரை ஒட்டி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயர் சூட்டி 2015.51 ஹெக்டேரை ஏலத்தில் விட்டார்கள். 2024 நவம்பர் 7ஆம் தேதி ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் படிந்தது. “ஐயா, அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அதற்குள்தானே கிடக்கிறது” என்று ஊர் கொதித்தபோது வந்த விளக்கம் இது: அந்தத் தலம் 193.215 ஹெக்டேர்தான்; மொத்தத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு. வகுத்துப் பார்த்தால் 9.6தான் வருகிறது. பெரிய மனசு, கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்.

மனித உடம்பில் இதயத்தின் எடை ஒரு விழுக்காடுகூடத் தேறாது. அமைச்சகத்தில் இருப்பவர்கள் அறுவை மருத்துவம் படிக்காமல் போனது நாம் செய்த புண்ணியம்.

அந்த அற்பப் பத்து விழுக்காட்டில் என்னதான் இருக்கிறது? தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தபோது அதுவே பட்டியல் போட்டது: ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், லகர் வல்லூறும் ராஜாளியும் உள்ளிட்ட சுமார் 250 வகைப் பறவைகள், சமணப் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டு, வட்டெழுத்து, குடைவரைக் கோயில். ஆதார் அட்டை மட்டும்தான் இல்லை.

பக்கத்திலேயே மீனாட்சிபுரம். மாங்குளம் கல்வெட்டுகள் என்று பாடப்புத்தகத்தில் வருபவை அந்த ஊர் மலையில்தான் இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்ததைக் கேளுங்கள். பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலர் ஒருவர் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்து, தன் பெயரையும் அரசன் பெயரையும் பாறையில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளறை ஊர் வணிகர் சங்கமும் தன் பங்குக்குக் கொடை தந்து பதிந்து வைத்திருக்கிறது. அன்றைக்கும் இந்த மலைக்கு அதிகாரி வந்தார், வணிகர் வந்தார். இருவரும் கொடுக்க வந்தார்கள். கையெழுத்து இரண்டாயிரம் ஆண்டு அழியாத இடத்தில் போட்டார்கள். இன்றைய கோப்பில் எந்த மேசையில் யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டால், மேசையே இல்லை என்பார்கள்.

ஏலம் வெளியே தெரிந்ததும் நடந்த நாடகம் தனி. கனிமச் சட்டத்தை 2023இல் திருத்தி டங்ஸ்டன் போன்ற கனிமங்களை ஏலம் விடும் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்ட மத்திய அரசு, “ஏலம் முடியும்வரை மாநிலம் வாயே திறக்கவில்லை” என்றது. மாநிலமோ, “2023 அக்டோபரிலேயே கடிதம் போட்டோமே” என்றது. போட்டார்கள். அப்புறம் ஓராண்டு பதிலுக்குக் காத்திருந்தார்களா, தபால்காரருக்குக் காத்திருந்தார்களா என்பதை அவர்களே சொல்லட்டும்.

மாநிலத்தின் கை ஒன்றும் கழுவின கை இல்லை. இதே மேலூர் வட்டாரத்தில், கீழவளவு போன்ற ஊர்களில், எத்தனை குன்றுகளைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றினோம்! கிரானைட் முறைகேட்டில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012இல் எழுதிய ஆட்சியர் சகாயத்துக்குக் கிடைத்தது இடமாறுதல். பிறகு நீதிமன்றம் நியமித்து அவர் விசாரிக்க வந்தபோது, சான்று தேடித் தோண்டவிருந்த இடத்தைக் காப்பதற்காக 2015இல் ஓர் இரவு சுடுகாட்டிலேயே கிடந்தார். ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி அரசுப் பணியைச் செய்ய மயானத்தில் படுக்க வேண்டிய நாடு இது.

இப்போது ஊர்களுக்கு முழுமைத் திட்டம் வரைகிறார்கள். நல்லது. அந்த வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா. கல்வெட்டுக்கு என்ன வண்ணம்? வருவாய்ப் பதிவேட்டில் அது கல்லாங்குத்து, புறம்போக்கு. மடைக்கும் கலிங்குக்கும் மேலே மனைப்பிரிவு போட்டு, அதற்கு ‘லேக் வியூ’ என்று பெயரும் வைப்பார்கள். தொல்லியல் துறை தன் பங்குக்கு ஒரு நீலப் பலகை நட்டுவிட்டுப் போகும். பலகைக்குப் பின்னால், பாறையில் சுண்ணாம்பாலும் பெயின்டாலும் தன் பெயரையும் காதலி பெயரையும் எழுதி வைத்தவன் டெல்லிக்காரன் இல்லை. அவன் நம் வீட்டுப் பிள்ளை.

கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9இல் சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குள் ஆயிரக்கணக்கில் ஜனம் நடந்து வந்த பிறகுதான், ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. உடனே முதல்வருக்குப் பாராட்டு விழா, மத்திய அமைச்சருக்கும் பாராட்டு விழா. தீ வைத்தவருக்கும் தண்ணீர் ஊற்ற நேரமெடுத்தவருக்கும் ஒரே கடையில் வாங்கிய சால்வை. ராஜாளிக்கு ஒரு துண்டுகூட இல்லை.

ரத்தானது ஒரு தொகுதி. சட்டத்திருத்தம் அப்படியே இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்று இருந்தாக வேண்டும். உங்கள் ஊராட்சி, நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அந்தக் குழுவின் தலைவர் யார் என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாது என்றால், உங்கள் ஊர் மலையின் புல எண்ணைக் கையோடு எழுதி வாங்கி வாருங்கள். ஏல அறிவிப்பில் அதைத் தேட உதவும்.