ஈரலுக்கு ஒரு டப்பா

வாடா பேராண்டி, உக்காரு. அந்த டப்பாவ இப்படிக் குடு பாப்போம். கால்சியம் டி-குளுக்காரேட், 500 மில்லிகிராம். ஈரலைக் கழுவும்னு வேற போட்டிருக்கான். கழுவணும்னா தண்ணி அடிக்கணும். அதைத்தான் நீ சனிக்கிழமை தவறாம அடிக்கிறியே, அப்புறம் இது எதுக்கு?

மொறைக்காத. ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவன்டா ஒன் தாத்தன், லேபிள் படிக்காம விடுவனா? இதுல இருக்கிற குளுக்காரிக் அமிலம் சர்க்கரை வம்சம். ஆரஞ்சு, ஆப்பிள், முட்டைக்கோசு எல்லாத்துலயும் இருக்கு. ஒன் ஒடம்பே கொஞ்சம் செஞ்சுக்கிது. ஆத்தா வச்ச கோசுப் பொரியலை ஓரமா ஒதுக்கிட்டு டப்பாவுக்குக் காசு குடுத்த பாரு, படிச்சவன் படிச்சவன்தான்!

சரி, இது என்ன செய்யுதாம்? பிலிருபின், ஈஸ்ட்ரோஜன், சில மருந்துன்னு வேண்டாததையெல்லாம் ஈரல் குளுக்குரோனிக் அமிலத்தால மூட்டை கட்டி, பித்தநீரோட குடலுக்குத் தள்ளிருது. அங்க இருக்கிற கிருமி சும்மா இருக்குமா? பீட்டா குளுக்குரோனிடேஸ்னு ஒரு நொதிய விட்டு மூட்டைய அவுத்துருது. அவுந்ததுல கொஞ்சம் திரும்ப ரத்தத்துல ஏறிக்கிது. ஒன் டப்பா சரக்கு லாக்டோனா மாறி அந்த நொதியத் தடுக்குமாம். வேலை குடல்ல, பேரு ஈரலுக்கு!

எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க, கட்டி கொறஞ்சிருக்கு. நீ எலியா இருந்தா நானே வாங்கித் தருவேன். மனுச ஈரல் இதால தேறுச்சுன்னு சொல்ல உருப்படியான ஆய்வு இல்ல.

இப்பத்தான் விசயமே இருக்கு. நீ குடிக்கிற சாராயம் இந்த மூட்டையில போறதே இல்லன்னு வச்சுக்க. நூத்துல ஒரு பங்குகூடத் தேறாது. பெரும்பங்கை ஈரல் வேற நொதி வச்சு அசிட்டால்டிஹைடா மாத்தி, அப்புறம் அசிட்டேட்டா மாத்துது. நடுவுல வர்ற அந்த அசிட்டால்டிஹைடுதான் ஈரலைப் புண்ணாக்குற நஞ்சு. ஒன் டப்பாவுக்கு அந்தப் பக்கம் சோலியே கெடையாது. குடிய விட்டாத்தான் ஈரல் தேறும். அதுக்கு லேபிளும் கெடையாது, விலையும் கெடையாது.

இன்னொன்னு. பாராசிட்டமாலையும், வலிப்புக்குத் தர்ற லாமோட்ரிஜினையும் ஈரல் இதே மாதிரிதான் கட்டி அனுப்புது. மூட்டை அவுராமப் போனா மருந்தும் வெரசா வெளியேறிரலாம். அதனால மாத்திரை சாப்பிடுற ஆளுக யாரா இருந்தாலும், டாக்டர்கிட்டக் காட்டாம இதை வாயில போடாதீங்க. கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சா டப்பாவத் தேடாம ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துப் பாருங்க.