மெருகு உபாசகர்

மைசூர் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குச் சுமார் ஒரு லட்சம் விளக்குகள் ஒரே கணத்தில் எரியத் தொடங்கும்போது, அந்தக் காட்சிக்காகவே சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நிற்கிற ஜனங்களெல்லாம் வாய் பிளந்து நிற்க, அதே ஊரில் முப்பது வருஷமாகக் குடியிருந்தும் அந்த வேளையில் அந்தத் திசைப் பக்கமே தம்முடைய மோட்டார் வண்டியைத் திருப்பாதவர் ஒருவர் உண்டென்றால், அவர் நம் மெருகு உபாசகராகத்தான் இருக்க வேண்டும். அரண்மனையின் மேல் அவருக்கு விரோதம் ஒன்றுமில்லை, விளக்குகளின் மேல்தான். ஒரு லட்சம் விளக்கு என்றால் அவருடைய கறுப்பு வண்டியின் பானட்டில் ஒரு லட்சம் பிரதிபிம்பம். ஒவ்வொரு பிரதிபிம்பத்தைச் சுற்றியும் ஒரு சிலந்தி வலை.

அந்த வலையை அவர் "ஸ்விர்ல்" என்பார், உறவினர் ஒருவருக்கு வந்திருக்கும் தீராத வியாதியின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. உண்மையில் அது வலையும் அல்ல, வட்டமும் அல்ல. வர்ணத்தின் மேலே கண்ணாடிபோலப் பூசியிருக்கும் கிளியர் கோட்டில் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக விழுந்திருக்கும் மயிரிழைக் கீறல்களுள், விளக்கின் பிம்பத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் ஒளியைச் சிதறி நம் கண்ணுக்கு அனுப்ப, மற்றவை ஒளிந்துகொள்வதனால், பிம்பத்தைச் சுற்றி யாரோ வட்டம் வட்டமாக நூல் இழைத்ததுபோலத் தோன்றுகிறது. தலையை இடப்பக்கம் சாய்த்தால் வலையும் இடப்பக்கம் நகரும். வண்டி வாங்கிய முதல் வருஷத்தில் இந்தச் சூக்ஷ்மம் தெரியாமல், வலையின் நடுவைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் மருந்து வைத்துவிடலாம் என்று ஒரு முற்பகல் முழுவதும் பானட்டைப் பிரதக்ஷிணம் செய்த கதையை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். சிரிக்காமல் சொன்னார்.

ஆகவே அவருடைய வாழ்க்கை சூரியனையும் மேகத்தையும் அனுசரித்து நடக்கிறது. சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீடுகள் கிழக்குப் பார்த்தவை. காலையில் வருகிற விருந்தாளியை அவர் வண்டியின் மேற்குப் பக்கமாகவும், மாலையில் வருகிறவரைக் கிழக்குப் பக்கமாகவும் அழைத்துப்போவார். உச்சி வேளையில் யாரையும் அழைக்கமாட்டார். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும் மேகம் நாளெல்லாம் வானத்தைப் போர்த்தியிருக்க, ஊரார் வேட்டி உலரவில்லை, வடாம் காயவில்லை என்று அலுத்துக்கொள்ளும் அந்த நாட்களே அவருக்கு உத்ஸவ காலம். ஒரு புள்ளியிலிருந்து வராமல் ஆகாயம் முழுவதிலிருந்தும் பரவி இறங்கும் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. வண்டி கண்டகி நதியிலிருந்து அன்றைக்கு எடுத்த சாளக்கிராமம்போல நிற்கும். ஆனால் மேகம் வந்தால் மழையும் வரும் அல்லவா? மழை வந்தால் பூச்சு கழியும், சொட்டுச் சொட்டாகக் கறை நிற்கும். கிருஷ்ணராஜ சாகரம் நிரம்ப வேண்டும் என்ற ஒரு பிரார்த்தனையிலாவது மண்டியாவும் தஞ்சாவூரும் ஒத்துப்போகின்றன. நடுவே சரஸ்வதிபுரத்திலிருந்து ஒருவர் மேகம் மட்டும் போதும், மழை வேண்டாம் என்று தனி மனுப் போட்டால் வருண பகவான் என்ன செய்வார்?

அந்தப் பூச்சு வைபவத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. மாதம் ஒரு முறை, கிரகணத்துக்கு நாள் பார்ப்பதுபோல நாள் பார்த்து, போர்டிகோ நிழலில் அது நடைபெறும். முதலில் ஸ்நானம். இரண்டு வாளிகள்: ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் அலசும் ஜலம், அலசிய மண் மறுபடி மேலே எழாதபடி வாளியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டு. பிறகு துவட்டல். பிறகு கிளேஸ். எண்ணெயும் வெண்களிமண்போல மிக நுண்ணிய பொடியும் சேர்ந்த அந்தக் குழம்பைப் பஞ்சு வில்லையில் தொட்டு, கை நோகாமல், வண்டியும் நோகாமல் தேய்ப்பார். அது கீறலின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மேட்டையும் பள்ளத்தையும் சமமாக்கிவிடுகிறது. ஒளி எங்கும் தடுக்கி விழாமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கீறல் போகவில்லை, காணாமல் இருக்கிறது, அவ்வளவே. மூலவருக்குச் சந்தனக்காப்பு சாத்தினாற்போல. கிளேஸ் தானாக நிலைக்காது என்பதால் அதன்மேல் மெழுகு. பிரேஸில் தேசத்துப் பனை ஒன்றின் ஓலையில் படிகிற கார்னோபா மெழுகு அது. 80 டிகிரி வெப்பத்துக்கு மேலேதான் உருகும். "நீங்க முழுங்கற மாத்திரை தொண்டையில வழவழன்னு எறங்கறதே ஸார், அதுக்கு மேலயும் இதைத்தான் தடவறா" என்று எனக்குத் தெரிவித்த நாள் முதல், ரத்த அழுத்தத்துக்கு நான் மாத்திரை போட்டுக்கொள்ளும்போதெல்லாம் அவருடைய பானட் என் நினைவுக்கு வருகிறது. மெழுகு பனி படர்ந்ததுபோல வெளுக்கும் வரையில் காத்திருந்து, மைக்ரோஃபைபர் துணியால் அதை எடுப்பார். முன்பெல்லாம் வட்டமாகத் தேய்த்தவர், வட்டமாகத் தேய்த்தால் வட்டமாகக் கீறல் விழும் என்று எங்கோ கேள்விப்பட்டு, இப்போது நேர்கோட்டில் தேய்க்கிறார். இந்த மதமாற்றம் நிகழ்ந்த வாரத்தில் அவரோடு வேறு எந்த விஷயமும் பேச முடியவில்லை.

மூன்று முறை ஷாம்பு போட்டுக் கழுவினால் கிளேஸ் போய்விடும். சிலந்தி திரும்ப வந்துவிடும்.

சரி, கீறல் எங்கிருந்து வருகிறது? பூனையால் என்பார், பால்காரப் பையனால் என்பார், எதிர்மனைக் கிரிக்கெட்டால் என்பார், ஒரு சமயம் என் குடையைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் தினந்தோறும் காலை ஆறு மணிக்கு, நான் பத்திரிகை எடுக்க வெளியே வரும்போது, ராத்திரி படிந்த தூசியை ஒரு சொட்டு ஜலம்கூட இல்லாமல் காய்ந்த மஞ்சள் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருப்பவர் வேறு யாரும் அல்லர். தெருத் தூசி என்பது பொடித்த மணல். மணல் கண்ணாடியையே கீறும். மாதம் ஒரு நாள் இரண்டு வாளி வைத்து ஆசாரம் பார்க்கிறவர், மற்ற நாட்களில் வாத்ஸல்யம் தாங்காமல் அந்த மணலைத் தம் கையாலேயே தேய்த்து ஏற்றுகிறார்; அந்தக் காயத்தை மூடக் கிளேஸ்; மூடியது மினுங்குகிறதா என்று பார்க்க மறுபடி மஞ்சள் துணி. ஒரு நாள் தைரியமாகச் சொல்லிவிட்டேன். "இது பட்டு மாதிரி ஸார், கன்னத்துல வெச்சுப் பாருங்கோ" என்று துணியை நீட்டினார். வைத்துப் பார்த்தேன். பட்டுப்போலத்தான் இருந்தது.

ஹுணசூர் சாலைப் பக்கத்தில் டீடெயிலிங் கடை வைத்திருக்கும் இளைஞன் ஒருவன், மைக்ரான் கணக்குச் சொல்லும் கருவியைக் கதவில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஷின் வெச்சு காம்பவுண்டு போட்டா ரெண்டு மூணு மைக்ரான்தான் போகும், கீறல் வேரோட போயிடும்" என்றானாம். உபாசகர் எழுந்து வந்துவிட்டார். அவருடைய நியாயத்தையும் சொல்ல வேண்டும்; அதில் சாரம் இருக்கிறது. கிளியர் கோட்டின் கனமே நாற்பது மைக்ரான் அளவுதான். தலைமயிர் ஒன்றின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு கீறலுக்கும் அதைச் சீவிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது என்ன? "சாமுண்டி மலைல நந்தி பகவானைப் பாருங்கோ. ஒரே கல்லு. தலைமுறை தலைமுறையா எண்ணெய் தடவித்தானே அவ்வளவு கறுப்பா பளபளன்னு பண்ணினா? உளி வெச்சா சுரண்டினா?" என்று அவர் கேட்டபோது, தொட்ட தேவராஜ உடையார் காலத்து அந்த நந்தி ஒரு மோட்டார் வாதத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கும் என்று எதிர்பாராத நான் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

பேச்சை மாற்றுவதற்காக, சன்னபட்டணத்தில் மரப்பொம்மை கடைகிறவர்கள் அரக்கு வர்ணம் ஏற்றிய பொம்மையைத் தாழை மடலால் அழுத்தித்தான் மெருகு கொடுக்கிறார்கள் என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் யோசித்துவிட்டு, "முள்ளு இல்லாத பக்கத்தாலயா?" என்று கேட்டார்.

அவர் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டார் என்பதையும், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏற வேண்டும் என்பதையும் தனியே எழுத வேண்டியதில்லை.

ஆயுத பூஜையைப் பற்றி மட்டும் எழுத வேண்டும், ஏனென்றால் அதில் எனக்குச் சம்பந்தம் உண்டு. தசராவின் மகாநவமி தினத்தில் ஊரிலுள்ள சைக்கிள் முதல் பஸ் வரையில் மாலையும் மஞ்சளுமாக நிற்கும்போது, இவருடைய வண்டிக்கு மட்டும் வெற்றிலையின் மேல் சந்தனமும் குங்குமமும் இட்டு, அந்த வெற்றிலையை பானட்டின் மேல் பூவைப்போல வைப்பார்கள். புரோகிதர் முகம் சுளித்தால், "வெத்தலை வண்டி மேலதானே இருக்கு, பலன் எறங்கிடும்" என்பார். மாலையின் நார் உராயும் என்பதால் மாலை இரும்புக் கேட்டுக்கு. எலுமிச்சம்பழத்துக்கு அனுமதி உண்டு, சக்கரத்தில் கிளேஸ் இல்லை என்ற காரணத்தால். பூசணிக்காய்? குங்குமம் கரைத்து ஊற்றிய பூசணிக்காயை உடைத்தால் சிவப்புச் சாறு தெறிக்கும் அல்லவா? அதனால் அது பத்தடி தள்ளி உடைக்கப்படும். பத்தடி தள்ளி இருப்பது என் வீட்டு வாசல். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தச் சகதியில் வழுக்கி விழுந்தவனும் நானே.

இவ்வளவும் நடக்கிற ஊர் எது என்று நினைக்கும்போதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கும். 1937-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரக்குக்கும் வர்ணத்துக்குமாக இங்கே ஏற்படுத்திய தொழிற்சாலைதான், 1962-ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தல் தொடங்கி, தேசத்தில் ஓட்டுப் போடுகிறவர்களின் விரலுக்கெல்லாம் அழியாத மை காய்ச்சி அனுப்புகிறது. சோப்புக்கும் எண்ணெய்க்கும் அசையாத வெள்ளி உப்பு மை அது. அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மூன்று கழுவலில் கரைகிற மருந்தை ஒருவர் மாதாமாதம் தடவிக்கொண்டிருக்கிறார். தேர்தல் நாளில் அவர் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போது, இடது கை ஆள்காட்டி விரலை வண்டியின் மேல் படாதபடி கொடிமரம்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்.

சென்ற ஐப்பசியில் நடந்ததை நான் வேடிக்கையாகச் சொல்லப் போவதில்லை. மாம்பலத்தில் என் மனைவியின் தமையனாருக்கு உடம்பு மிகவும் மோசமாகிவிட்டது என்று சாயங்காலம் தகவல் வந்தது. ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். வெளியே கொட்டுகிற மழை. கூப்பிட்ட ஆட்டோ ஒன்றும் வரவில்லை. ரயில் நிலையம் இரண்டு மைல்கூட இராது. கறுப்பு வண்டி பத்தடியில் நின்றுகொண்டிருந்தது. போய்க் கேட்டேன். "மத்தியானம்தான் ஸார் கிளேஸ் போட்டேன். பன்னெண்டு மணி நேரம் ஜலமே படப்படாது" என்றார். சங்கடத்தோடுதான் சொன்னார், ஆனால் சொன்னார். நாங்கள் இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலை வரையில் நனைந்துகொண்டே நடந்து, ஒரு வழியாக ஆட்டோ பிடித்து நிலையத்தை அடைந்தபோது, ரயிலின் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைத்தான் பார்த்தோம். ஒரு வண்டி எதற்காக இருக்கிறது? மழையில் நனையாமல் மனிதர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இல்லையென்றால், அதற்குச் சக்கரம் எதற்கு? ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலை அவருடைய மனைவிதான் பிஸிபேளாபாத் எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார். அவர் ஆறு மணிக்கு வழக்கம்போல மஞ்சள் துணியோடு நின்றுகொண்டிருந்தார்; என்னைக் கண்டதும் வண்டியின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

இந்த வருஷ தசராவுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அவருடைய தமக்கை, பேரக்குழந்தைகள் சகிதம் வந்து இறங்கினாள். விளக்கு பார்க்கப் போக வேண்டும் என்றாள். இவர் பஸ் சௌகரியத்தைப் பற்றி விஸ்தாரமாக எடுத்துரைக்க, அவள், "உன் வண்டிக்கு ஒரு சால்வை போத்தி, தாலாட்டுப் பாடித் தூங்கப் பண்ணுடா. நாங்க நடந்தே போறோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். வண்டி புறப்பட்டது. ஐப்பசிக்குப் பரிகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, என்னையும் முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டார். செருப்பைக் கழற்றினேன்.

சயாஜி ராவ் சாலையில் கூட்டம் நெரிந்து வண்டி நின்றுவிட்டது. தலைக்கு மேலே சாலை நெடுகத் தோரணம் தோரணமாக விளக்குகள். போன வாரம் இரண்டு தடவை கழுவியிருந்தபடியால் கிளேஸ் ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. பானட்டில் ஒவ்வொரு விளக்கும் தன் தன் வலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உபாசகர் நேர் முன்னே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் தகப்பனின் கையைப் பிடித்து நின்ற குழந்தையொன்று, சுருமுரிப் பொட்டலத்தை மறந்துவிட்டு, "அப்பா, நோடு! ஒந்தொந்து தீபக்கூ ஒந்தொந்து சக்ர!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்து, எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் பூசிய ஐந்து விரலையும் பானட்டின் மேல் அழுத்தி, சக்கரம் ஒன்றைப் பிடிக்கப் பார்த்தது. பிடிக்கப் போன சக்கரம் நகர்ந்துவிடவே, மற்றொன்றைப் பிடிக்கப் போனது.

இவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். குழந்தைக்கு நல்ல அடி விழப் போகிறதென்று நானும் பின்னாலேயே இறங்கினேன். அவர் அதன் பக்கத்தில் குனிந்து நின்று, தம் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, "நடுவுல சிக்காது கண்ணா. நான் ஒரு நாள் முழுக்கத் தேடினேன்" என்று தமிழிலேயே சொன்னார். அதற்கு என்ன விளங்கியதோ, சிரித்துவிட்டுத் தகப்பனிடம் ஓடிவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன. போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். இவர் இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, அந்த ஐந்து விரல் தடத்தைக் காய்ந்த துணியாலேயே, நேர்கோட்டை மறந்து, சுற்றிச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தார்.