தவணை வாசகர்

வாங்கிய கடனைச் சிறுசிறு பகுதிகளாகக் கட்டித் தீர்ப்பது தவணை எனப்படும். அவ்வாறே, ஐந்து வயது நிரம்பாத குழந்தையை வளர்த்துக்கொண்டே ஒரு நாவலைக் கால் பக்கம், அரைப் பக்கமாகப் படித்துத் தீர்க்க முயலும் தாயையோ தந்தையையோ தவணை வாசகர் எனல் பொருந்தும். பொங்கலையொட்டிச் சென்னையில் நடைபெறும் புத்தகக் காட்சியில் இவ்வினத்தாரை எளிதில் அடையாளம் காணலாம். ஒரு தோளில் உறங்கும் குழந்தையும் மறு தோளில் 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஐந்து பாகங்களும் கனக்க, பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியோடு படிப்பதற்கான நேரத்தையும் கடைக்காரர் பைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று நம்பி வெளியேறுபவர் எவரோ, அவரே இவர்.

இவருடைய கால அளவைகள் தனித்தன்மை வாய்ந்தவை. 'மூன்று விசில்', அதாவது குக்கரில் பருப்பு வேகும் பொழுது, ஒன்றரைப் பக்கத்துக்குச் சமம். 'தடுப்பூசி வரிசை', அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை காத்திருக்கும் பொழுது, ஓர் அத்தியாயத்துக்குச் சமம் எனினும், ஊசி குத்தப்பட்ட பின் அன்றைய வாசிப்பு முற்றிலும் நின்றுவிடும். சேலையைத் தொங்கவிட்டுக் கட்டும் தூளியே இவரது படிப்பறை. அதன் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டியபடி இவர் படிக்கையில், கதையின் விறுவிறுப்பு ஏற ஏறக் காலின் ஆட்டம் குறைவதால், அந்நாவலின் நாயகன் வந்தியத்தேவன் சுரங்கப்பாதையில் நுழையும் அதே கணத்தில் குழந்தை விழித்துக்கொள்வது இயற்கை நியதியாகும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை நூலகம் மிச்சப்படுத்த வேண்டும் என்பதாகும். மிச்சமான அந்நேரத்தை வீட்டில் பிடுங்கிக்கொள்பவரைக் கட்டுப்படுத்த ஆறாம் விதி எதையும் அவர் வகுக்கவில்லை. ஆகவே தவணை வாசகர் வரலாற்றில் ஆறுதல் தேடுகிறார். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' 'கல்கி' வார இதழில் தொடராக வந்தபோது அக்கால வாசகரும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதானே படித்தார் என்பது இவர் வாதம். வேறுபாடு ஒன்றே: அன்று 'தொடரும்' என்பதை அத்தியாய முடிவில் ஆசிரியர் போட்டார், இன்று அதை வாக்கியத்தின் நடுவில் குழந்தை போடுகிறது.

இவர் நாள்தோறும் தடையின்றிப் படித்து முடிக்கும் நூலும் ஒன்று உண்டு. பன்னிரண்டு பக்கமுள்ள அந்த யானைக் கதையை விளக்கணைத்த பின்னும் இவரால் ஒப்பிக்க இயலும். தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைத் தாண்டினாலோ, குழந்தை எழுந்து உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். ஒரே நூலின் படிகளுக்கிடையே காணப்படும் சொல் வேறுபாடாகிய பாடபேதத்தை இத்துணைக் கடுமையாக மறுக்கும் பதிப்பாசிரியர் ஏட்டுச்சுவடி உலகிலும் அரியர்.

இதற்கிடையே இரண்டாம் பாகத்தை எட்டும்போது முதற்பாக மாந்தர் மறந்துவிடுவதால், இவர் மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே திரும்புகிறார். எனினும் வாங்கிய நூல்கள் வீணாகவில்லை. அலமாரி உச்சியிலுள்ள பிஸ்கட் டப்பாவை எட்டுவதற்காக அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறியதன் வாயிலாக, அவ்வீட்டில் ஐந்து பாகங்களையும் கடந்தவர் என்னும் பெருமையைக் குழந்தை அடைந்துவிட்டது.